மலையைக் காட்டினேன்

அடி அண்ணாமலை,
20-12-84

அன்பு மகள் சரோஜாவுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். பொய்யாய் ஒரு வரி எழுத மனசு வரவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் கடுதாசி வந்தது. இந்த மெடிக்கல் ரெக்கார்டு படிப்பு வேண்டாம், நர்ஸ் படிக்கிற பொண்ணுங்க அட்டை அடுக்கறவன்னு கேலி பண்றாங்க, ஜன்னல்ல உக்காந்து பேரு கேக்கறதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம், பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா படித்துவிட்டு, நான் அப்பவே சொன்னேன்ல என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு திருப்தி. எனக்கு இல்லை. ஏன் என்று கேள்.

ஐப்பசியில் நானும் அவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று எழுதியிருந்தேன். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, தீபம் முடிஞ்சதும் வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம் என்று லேடி டாக்டர் சொன்னார். அங்கே கொடுத்த நம்பர் சீட்டு உன் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்து, துவைத்ததில் கூழாகிவிட்டது. தீபம் முடிந்து நான் கிளம்பின அன்று, விழாவுக்குப் போட்ட கடையைப் பிரிக்க வேண்டும், நீ மட்டும் போய்ட்டு வா என்றார். போனேன்.

ஜன்னலில் மூர்த்தி என்று ஒருவர். சீட்டு இல்லன்னா பேரு சொல்லுங்கம்மா என்றார். சொன்னேன். வீட்டுக்காரர் பேரு என்றார். நான் எப்படிச் சொல்வேன்? கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். கையை நீட்டி மலையைக் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற பீபி ஜான் என்கிற அம்மாள், எனக்கு உதவி செய்கிறதாக நினைத்து, அருணாசலம்னு எழுதிக்கோங்க சார் என்று சொல்லிவிட்டாள். மலைக்கு ஒரு பெயரா இருக்கிறது? அண்ணாமலை என்கிறோம், அருணாசலம் என்கிறோம், உன் அப்பா பெயர் இது இரண்டும் இல்லையே. நான் தலையை ஆட்டினேன், மூர்த்தி குனிந்தபடி எழுதி, அந்தப் பெயரில் இருந்த வைத்திய அட்டையைத் தேடி எடுத்து உள்ளே அனுப்பிவிட்டார். அடுத்து அந்த அம்மாள் முறை. வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும் அவள் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள்! எனக்கு எப்படியடி தெரியும்?

பெயரில் என்ன இருக்கிறது, டாக்டர் ஆளைப் பார்த்தால் தெரிந்துகொள்வார் என்று உட்கார்ந்தேன். அன்றைக்கு வேறு டாக்டர். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மாத்திரையை ஜாஸ்தி பண்ணியிருக்கேன், தவறாம சாப்பிடுங்க என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் கொடுப்பது போலும் என்று சாப்பிட்டேன். மறுநாள் அடுப்பங்கரையில் வேர்த்துக் கொட்டி விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள், விரதம் இருந்த மயக்கம் என்று நினைத்து வெல்லத் தண்ணீர் கரைத்து ஊற்றினாள். அதனால் பிழைத்தேன் என்று, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரே சொன்னார். அது சர்க்கரை வியாதி மாத்திரையாம். இதே ஊரில் இன்னொரு ரேணுகாம்பாள் இருக்கிறாள், அருணாசலத்தின் சம்சாரம். அவளுடைய அட்டை அது.

இப்போது என் அட்டையைத் தேட வேண்டும். மூர்த்தி நல்ல மாதிரியாகத்தான், வாய்ல வரலன்னா எழுதிக் குடுங்கம்மா என்று பேனாவை நீட்டினார். அ என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு கம்மி என்று கேட்டு வளர்ந்த உடம்பு இது. எனக்கு வலி வந்தது என்பதற்காக அவர் ஆயுசில் கை வைக்கவா? வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவமானமாக இருந்தது, அழுகை வந்தது, வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது என் மேலேயே எனக்கு அத்தனை ஆத்திரம்.

உன் அப்பாவைக் கூப்பிட்டால், தப்பு மாத்திரை குடுத்தவன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன், ஆபரேஷனும் வாணாம் ஒண்ணும் வாணாம் என்று குதிக்கிறார். பயம் அவருக்கு. சொல்லிக்கொள்ளத் தெரியாமல் கத்துகிறார்.

பேரு கேட்கிற வேலைக்கு எதுக்குப் படிப்பு என்று கேட்டாயே, கேட்கத் தெரிய வேண்டுமடி! பெத்த அப்பன் பெயர் என்ன என்று என்னைக் கேட்டிருந்தால், ராஜமாணிக்கம் என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருப்பேன். பிள்ளை பெயரைக் கேட்டிருந்தால் சரோஜா என்று இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன். கேட்க ஆள் இல்லை. கேலி பண்ணுகிற அந்தப் பெண்கள் நாளைக்கு ஊசி போடப்போவது நீ எடுத்துக் கொடுக்கிற அட்டையைப் பார்த்துத்தானே? போய் நன்றாகச் சொல்லு.

நெல் அறுப்பு முடிந்தது. ஆடு குட்டி போட்டிருக்கிறது. வயிறு இன்னும் பெருத்து, பாவாடை நாடா நீளம் பற்றவில்லை என்று வேறு வாங்கினேன். இதை அப்பாவிடம் சொல்லாதே.

சனிக்கிழமை வா. நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிடு, நான் ஜன்னல் பக்கம் நிற்கிறேன். அப்பா பெயரை நீ சொல்லலாம், பெற்ற பிள்ளை சொன்னால் தோஷமில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லு. அட்டை கிடைக்கிற வரைக்கும் அவர்களோடு உட்கார்ந்து தேடு, உனக்குத் தெரிந்த முறையில் தேடு. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் காலேஜுக்குத் திரும்பிப் போய்விட வேண்டும்.

ஒரு மாற்றுப் புடவை போதும். பெட்டியோடு மட்டும் வந்து நிற்காதே, சரோஜா. நான் தாங்க மாட்டேன்.

அண்ணாமலையார் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் அம்மா,
ரேணுகாம்பாள்