அரை டம்ளரில் கரைத்த பாக்கெட்

அக்கா, உங்களை எழுப்ப மனமில்லாமல் இதை எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். என் வாந்தி வாளியைக் நீங்கள் கழுவிக் கழுவி, எனக்கு வந்த வயிற்றுப்போக்கு வைரஸ் உங்களையும் பிடித்துக்கொண்டது. ஓஆர்எஸ் உப்புச்சர்க்கரைப் பொடி பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில் கலந்து தலைமாட்டில் வைத்திருக்கிறேன். குமட்டினாலும் ஸ்பூன் ஸ்பூனாகக் குடியுங்கள்.

போன வாரம் சீக்கிரம் தேறலாமென்று இதே மாதிரி ஒரு முழு பாக்கெட்டை நான் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தேன். நீங்கள் பிடுங்கிக் கொட்டியதும், "உங்க தம்பி பொண்டாட்டி நான் செத்தாதான் உங்களுக்கு நிம்மதியா?" என்று கத்தினேன். "சாகப்போறவளுக்கு இவ்வளவு தொண்டையா? குடிடி!" என்று சரியாகக் கலந்து ஊட்டினீர்கள். அப்புறம் நீங்கள் என்னோடு பேசவேயில்லை. கெட்டியாகக் குடித்திருந்தால் பேதி கூடியிருக்கும் என்றார் டாக்டர். நான் தேறியது உங்களால்தான்.

சிறுநீர் குறைந்தாலோ பேதியில் ரத்தம் தெரிந்தாலோ உடனே கூப்பிடுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டாம், வைரஸுக்கு அது கேட்காது.

பி.கு.: அந்தக் கோபத்தில் ஊருக்குப் போக நீங்கள் கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். திட்டுவதானால் இங்கேயே இருந்து திட்டுங்கள்.