ரிஃப்ளக்ஸ் எல்லைக்குக் கீழே

செவ்வாய், இரவு. குன்னூர். மழை விடவில்லை.

எங்கள் ஆலையில் மெத்தனாலையும் தண்ணீரையும் பிரிக்கும் டவரில், உச்சியிலிருந்து திருப்பி உள்ளே விடும் திரவத்தை, அதாவது ரிஃப்ளக்ஸைக் குறைத்து நீராவியை மிச்சம் பிடித்ததாக ஷிப்ட் இன்சார்ஜ் செல்வராஜ் பெருமைப்பட்டார். மெத்தனாலின் சுத்தம் குறையவே இல்லையாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே குளிர்ந்து இறங்கும் திரவத்தில் குறைந்தது ஒரு குறிப்பிட்ட அளவாவது திரும்ப உள்ளே போக வேண்டும்; அதுதான் எல்லை. அவர் விடுவது அதற்கும் கீழே. டவருக்குள் பிரிப்புத் தட்டுகளை எத்தனை அடுக்கினாலும் அந்தச் சுத்தம் வராது.

சாம்பிள் கேட்டேன். ஏற்கெனவே நிரப்பிய பாட்டிலை நீட்டினார்.

"நானே பிடிச்சுக்கறேனுங்க" என்று டவரின் சாம்பிள் குழாய்க்குப் போனேன். அதை லேபில் பார்த்தபோது தண்ணீர் அதிகம்.

செல்வராஜ் அதிரவில்லை. "ஏனுங்க மேடம், யாரு சொல்லிக் கணக்குப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

யாருமில்லை என்றேன். அவர் நம்பவில்லை; யாரோ எனக்குத் துப்புக் கொடுத்ததாகவே நினைக்கிறார். அப்படியானால் இந்தத் தில்லுமுல்லு தெரிந்தும் மூடி மறைக்கும் இன்னொருவர் ஆலைக்குள் இருக்கிறார். காலையில் மேனேஜரிடம் சொல்லிவிடலாம். ஆனால், அவரே அந்த ஆளாக இருந்தால்?