சோத்துக்கைக் கிற்றார்

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு ஒத்திகையில் வாயை விட்டுவிட்டேன். விட்டது நல்லதுதான்.

மதுஷன் கட்டாருக்குப் போனதிலிருந்து எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் இல்லை. குழுவை நடத்துகிற கிசோக் மச்சான் கீபோட்டில் சோத்துக்கையால் பாட்டையும் இடக்கையால் பேஸையும் சேர்த்து வாசிக்கிறான். இரண்டும் உருப்படவில்லை. "ஆரையும் பாக்கணும்" என்று அவன் சொன்னபோது நான் பின்வரிசையில் மற்றப் பிள்ளைகளோடு நின்றேன். கோரஸ். வருசக்கணக்காக 'ஆ... ஆ...' என்று இழுத்துக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிற இடம்.

"நான் வாசிக்கிறன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை, அது அவனுடைய நல்ல குணம்.

"வாத்தியம் இருக்கா?"

"எடுப்பன்."

"வாசிக்கத் தெரியுமா?"

"பழகுவன்."

"சித்திரை வருச நிகழ்ச்சிக்கு முதல் ஒரு பாட்டு முழுசா வாசிச்சுக் காட்டு. இல்லாட்டி அக்கரைப்பற்றில ஒரு பெடியன் நிக்கிறான், அவனக் கூப்பிடுவன்."

கூப்பிட வேண்டி வராது.

பெப்ரவரி 11, செவ்வாய்

மூக்குக் கண்ணாடிக் கடையில் இன்றைக்கு ஆள் குறைவு. முதலாளி வெளியே போனதும் போனில் பேஸ் கிற்றார் பற்றியே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு தந்தி போதும். ஐந்து தந்தி வைத்திருக்கிறவர்கள் ஐந்தாவதைத் தொடுவதையே காணோம். புதிதில் மலிவானதை வாங்குவதை விடப் பழையதில் ஒழுங்கான ஒன்றைத் தேடலாம். கிற்றாரின் கழுத்து வளையாமல் இருக்கவேண்டும், என் கைக்கு அடங்கவும் வேண்டும். சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும், அதை இங்கே எழுதி மனதைக் கெடுப்பானேன்.

என்னோடு வேலை செய்கிற றிப்னா பிரேம்களைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பேஸ் எண்டா ஓட்டோவுக்க டும் டும் எண்டு இடிக்குமே, அதா?"

அதேதான். அதைக் கையால் செய்வது.

பெப்ரவரி 16, ஞாயிறு

முகநூலில் 'பேஸ் கிற்றார், நல்ல நிலை' என்று போட்டிருந்தது. காரைதீவு. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஓட்டோ பிடித்துப் போனேன். பார்த்தால் ஆறு தந்தி. சாதாரணக் கிற்றார்.

"அண்ணா, இது பேஸ் இல்லையே."

"அடிச்சுப் பாருங்க தங்கச்சி, பேஸ் எப்பிடி இறங்குது எண்டு."

அவர் மேல் பிழை சொல்ல முடியாது. இந்தக் கரை முழுக்க, ஓட்டோவிலும் கலியாண வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டியிலும், பேஸ் என்றால் நெஞ்சில் இடிக்கிற சத்தம்தான். அவருடைய கிற்றாரில் அது தாராளமாக இருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லையே. பாராட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 17, திங்கள்

றிப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "இனி பேஸ் எண்டு கேக்காதீங்க கஜே. நாலு கம்பி எண்டு கேளுங்க."

பெப்ரவரி 27, வியாழன்

நாலு கம்பி என்று கேட்டேன். ஒருவர் யூக்கலேலி படம் அனுப்பியிருக்கிறார். நாலு கம்பிதான். தொட்டில் பிள்ளை வாசிக்கிற அளவு.

மார்ச் 5, புதன்

மச்சான் கடைக்கு வந்தான், அவனுடைய அப்பாவின் கண்ணாடி எடுக்க. போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனான்.

"நீ இடக்கைக்காரிதானே மச்சாள். உனக்கு இடக்கைக் கிற்றார் வேணும். அது கொழும்பிலயும் லேசில கிடைக்காது. கிடைச்சாலும் உன்ட கைக்கு எட்டாது."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பேனையும் சோறும் மட்டும்தான் எனக்குச் சோத்துக்கை, அது அம்மா அடித்துப் பழக்கியது. கத்தி, கத்தரிக்கோல், கடையில் வில்லையைப் பிரேமுக்குள் அமுக்கி இறக்குவது எல்லாம் இடக்கை.

வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டைக்குப் போனேன். "மாத்தினா முழுசா மாத்தியிருக்கணும். இல்லாட்டி விட்டிருக்கணும். ஏன் அரைவாசியில விட்டீங்க?"

அம்மா மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். "இடக்கையால சோறு திண்டா, சாமான் குடுத்தா நாலு பேர் என்ன சொல்லும்? அதுக்குத்தான் புள்ள அடிச்சன். மற்றதுக்கும் அடிக்க எனக்குப் பாவமா இருந்திச்சு."

பாவமா இருந்திச்சாம். இதுக்கு என்னத்தச் சொல்லுறது? அழுகைதான் வந்திச்சு. அந்தப் பின்வரிசையில இருந்து ஒருக்கா முன்னுக்கு வரணும் எண்டு எவ்வளவு ஆசப்பட்டன், இந்தக் கை வந்து குறுக்க நிக்குது. விடுறதா? அக்கரைப்பற்றுப் பெடியன் வந்து நிக்க, நான் பின்னால 'ஆ' எண்டு இழுக்கிறதா?

ஏலாது. விடமாட்டன்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதக் கை பரபரக்கிறது. ஒழுங்காகத் தொடங்குகிறேன்.

றிப்னாவின் ஊர் சம்மாந்துறை. அவளுடைய வாப்பாவின் கூட்டாளி அப்துல் ஸமட் நானா அங்கே ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கலைந்துபோன ஏதோ ஒரு குழு விட்டுப்போன நாலு கம்பி ஒன்று அவருடைய கடையில் கிடக்கிறதாம். நோன்பு காலம், பின்னேரம்தான் கடையைத் திறப்பார். இரண்டு பேருமாகப் பஸ் ஏறிப் போனோம்.

உண்மையான பேஸ். நீளக் கழுத்து, தடித்த தந்தி. ஒரு கண்ணை மூடிக் கழுத்து வழியே பார்த்தேன், வளைவு இல்லை. கடற்கரை ஊர்களில் வாத்தியத்தின் தந்தி முறுக்கும் ஆணியெல்லாம் துருவேறிக் கிடக்கும், இதில் சுத்தமாகச் சுழன்றது. பெட்டியில் மாட்டிக் குமிழைத் திருகினால் கொஞ்சம் கரகரப்பு, பரவாயில்லை. விலையும் எனக்கு எட்டுகிற விலை.

"ஆனா இது சோத்துக்கைச் சாமான் மகள்" என்றார் நானா. "ஒங்களுக்கு இடக்கை எண்டு றிப்னா செல்லிச்சி. கவலப்படாதீங்க, கம்பியத் திருப்பிப் போட்டுத் தாறன்."

நோன்போடு வியர்த்து வியர்த்து, எல்லாத் தந்தியையும் கழற்றி மாற்றிப் போட்டார். மறுபக்கமாகப் பிடித்து மீட்டினேன். கீச்சென்றது. மெல்லிய தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்தது இறங்க மாட்டேன் என்கிறது, தடித்ததின் பள்ளத்தில் மெல்லியது கிடந்து ஆடுகிறது. குமிழ் வேறு முழங்கைக்குக் கீழே இடித்தது.

"பழகப் பழகச் சரியா வரும்" என்றார்.

வராது என்று எனக்குத் தெரிந்தது. மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எந்தக் கையால் மீட்டுவாய் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள், நானும் அதையே பார்த்தேன். மீட்டுகிற கைக்கு என்ன வேலை? இரண்டு விரல் மாறி மாறி நடக்கவேண்டும். பேனை பிடித்துப் பழகிய கைக்கு அதைப் பழக்கலாம். கழுத்தைப் பிடிக்கிற கைதானே தடித்த தந்தியை அமுக்கி, ஓடி, இடம் பிழைக்காமல் நிற்கவேண்டும்? நாள் முழுக்க வில்லை அமுக்குகிற என் கை எது?

"நானா, கோவிக்காதீங்க. முன்ன இருந்த மாதிரியே போட்டுத் தாங்க."

நானா றிப்னாவைப் பார்த்தார். "இடக்கைப் புள்ள எண்டுதானே கூட்டி வந்த?"

"ஓம் மாமா. அவ அப்பிடித்தான்."

"நோன்பு திறக்க முதல் என்ன மௌத்தாக்கிப் போட்டுத்தான் போவீங்க போல" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மறுபடியும் கழற்றினார்.

போட்டு முடித்துக் கையில் தந்தார். இடக்கை கழுத்தில் போய் இருந்தது. அமுக்கி மீட்டினேன். கீச்சும் இல்லை, இரைச்சலும் இல்லை. கடையின் தகரக் கூரை அதிர்ந்தது.

"இதுதானே பேஸ்" என்றாள் றிப்னா.

வாங்கிவிட்டேன். பழைய சின்னப் பெட்டி ஒன்றைச் சித்திரை வருசம் முடியும்வரை வைத்துக்கொள்ளச் சொல்லி நானா சும்மா தந்தார். ஒரு வாளி நோன்புக் கஞ்சியும். பஸ்ஸில் எதை மடியில் வைப்பதென்று தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இடக்கை விரல் நுனியெல்லாம் காய்ப்பு. அது சொன்ன இடத்துக்குப் போகிறது. சோத்துக்கைதான் மக்கு, விரல் மாற்றச் சொன்னால் இரண்டும் ஒன்றாய்ப் பாய்கிறது. அதற்கும் ஒரு வழி பண்ணுகிறேன்.

அம்மா: "உனக்கு விரல் நோகுது, எனக்குக் காது நோகுது."

ஏப்ரல் 6, ஞாயிறு

வாசித்துக் காட்டினேன்.

கோயில் பாட்டு ஒன்று. மச்சானும் கூடவே கீபோட்டில் வாசித்தான், இரண்டு கையாலும். நான் விழுந்தால் பிடிக்கத்தான் என்று எனக்கு விளங்கியது. முதல் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் அவனைப் பார்த்தேன். இடக்கையைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தான். பாட்டு முடியும்வரை அந்தக் கை மடியிலேயே இருந்தது.

முடிந்ததும் "அடுத்த பாட்டு" என்றான்.

ஏப்ரல் 16, புதன்

நேற்று நிகழ்ச்சி. ஒரு பாட்டில் பிழை விட்டேன், அதைப் பிழை மாதிரிக் காட்டாமல் இரண்டாம் முறையும் அப்படியே வாசித்தேன். ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை மாமியிடம் அம்மா சொன்னது காதில் விழுந்தது. "அவக்கு ரெண்டு கையும் ஒரே மாதிரி. சின்னனிலயே நான் பழக்கினது."



மே 4, ஞாயிறு

நேற்று வினாயகபுரத்தில் நிகழ்ச்சி. மச்சான் காலையிலேயே வட்ஸ்அப்பில் போட்டிருந்தான். வாசிக்கிற ஆக்கள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு வந்து பெட்டி எல்லாம் சரிபார்க்க வேணும், பாடுற ஆக்கள் பொழுதுபட வந்தால் போதும்.

அதைப் பார்த்தேன். பிறகு ஆறுதலாகத் தலை முழுகினேன், சட்டையை அயனால் அழுத்தினேன், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"எங்க மச்சாள் நிக்கிறாய்?"

"வீட்டதான். பொழுதுபடத்தானே வரச் சொன்ன?"

"அது பாடுற ஆக்களுக்கு." மச்சானுக்கு நல்ல கோபம். "இஞ்ச எல்லாரும் வந்து உன்னப் பாத்துக்கொண்டு நிக்கிறம். நீ இல்லாம என்னத்தச் சரிபாக்கிற?"

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, கிற்றாரை முதுகில் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்ததும் எல்லோருக்கும் முன்னால் மறுபடியும் ஏச்சு. நான் சிரித்துக்கொண்டு நின்றேன், அதற்கும் ஒரு ஏச்சு.