ஒரு மில்லிமீட்டர் ஒல்லி

மச்சான்,

இன்று காலை உன் வண்டி என் பட்டறைக்கு வந்தது. பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்துவிட்டது. வாசலில் இருக்கிற வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் இடது பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். நீதான் இறங்கி வரப்போகிறாய் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். இறங்கியது உன் மகள் ஜெனி. அவள்தான் இப்போது அந்த வண்டியில் சிறுசேரி ஆபீசுக்குப் போய் வருகிறாள்.

“மாமா, எங்க தெரு மெக்கானிக் லோயர் ஆர்ம் போயிடுச்சுன்றாரு. புதுசு வர நாலு நாளாவுமாம். சின்ன வண்டியோடது அவராண்ட கீதாம், அதுவே கரெக்டா உக்காந்துக்கும்ன்றாரு. போட்டுக்கட்டுமா?”

“வேணாம்மா,” என்றேன்.

“ஏன் மாமா? ரெண்டும் ஒரே கம்பெனிதானே?”

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய் வெகுநேரம் கழுவினேன். பிறகு அவளை உட்கார வைத்து, நீ ஐந்து வருடம் உன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்று கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே கம்பெனிக்கு கேப் ஓட்டியவர்கள். முதுகுவலி வந்து நான் ஓட்டுவதை விட்டேன், செங்கல்பட்டில் இந்தப் பட்டறையைப் போட்டேன். நீ சொந்த வண்டி வாங்கினாய். கோவளத்தில் உன் தெருவிலேயே மெக்கானிக் இருந்தும், ஆயில் மாற்றக்கூட என்னிடம்தான் வருவாய். “ஓட்னவன் கை வச்சாத்தான் எனக்கு தூக்கம் வரும்,” என்பாய். அந்தச் சொல் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அந்த நாள் வரை.

ஜெனிக்குக் குழந்தை பிறந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்ன அன்று மத்தியானம் நீ இதே ‘டக்’ சத்தத்தோடு வந்தாய். வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். முன்சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் கை போன்ற இரும்பு, அதுதான் லோயர் ஆர்ம். அதன் நுனியில் ஓர் இரும்புப் பின் மூலம் சக்கரத்தோடு சேரும் பால் ஜாயிண்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

“புதுசு வர ரெண்டு நாளாவும் மச்சான். வேற வண்டில கூட்டினு போயேன்.”

“மொத பேரன்டா. என் வண்டிலதான் வூட்டுக்கு வரணும். எதுனா பண்ணு.”

அச்சரப்பாக்கத்தில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடை ஒன்று ஞாபகம் வந்தது. அங்கே உன் வண்டியின் தம்பி மாதிரியான ஒன்று, டிக்கி இல்லாத சின்ன வண்டி, பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. முன்பக்கம் இரண்டுக்கும் ஒன்றேதான் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்க ஆர்மையும் கழற்றிக்கொண்டு வந்தேன். இடதுபக்கத்தை உன்னுடையதன்மேல் வைத்துப் பார்த்தேன். நீளம் சரி. ஓட்டைகள் சரி. ரப்பர் புஷ்ஷும் அதே அளவு. மாட்டினேன்.

ஒன்றை நான் கவனித்திருக்க வேண்டும். உன் பழைய ஆர்மைக் கழற்றும்போது அதன் பின்னைத் தட்டித் தட்டித்தான் வெளியே எடுத்தேன். சின்ன வண்டியின் பின் ஒரு தட்டுகூட இல்லாமல் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வேலை சுலபமாக முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். போல்ட்டை இறுக்கினேன், இறுகியது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை. நீ சாவியை வாங்கிக்கொண்டு போனாய்.

மறுநாள் பத்தரை மணி இருக்கும். பெஞ்சில் கிடந்த பழைய ஆர்மை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். மீதியிருந்த வலதுபக்க ஆர்மும் அங்கேதான் கிடந்தது. இரண்டு பின்களும் பக்கத்துப் பக்கத்தில். கண்ணுக்கே தெரிந்தது. வெர்னியரை எடுத்து அளந்தேன். உன்னுடையது பதினெட்டு மில்லிமீட்டர். சின்ன வண்டியோடது பதினேழு.

ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தப் பின்னை முழுசாகக் கவ்விப் பிடிக்க வேண்டிய இடத்தில், போல்ட் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட ஓட ஆட்டம் கொடுக்கும். கழன்றுவிட்டால் சக்கரம் அப்படியே மடங்கிக்கொள்ளும். எந்த வேகத்தில், எந்த லாரிக்கு முன்னால் என்று யாருக்கும் தெரியாது.

உனக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது நீ போனைத் தொடமாட்டாய். அந்த நல்ல பழக்கத்தை அன்று எத்தனை முறை திட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஜெனியின் போன் அணைந்து கிடந்தது. உன் வீட்டுக்காரி நம்பருக்குப் போட்டால் எடுத்தது உன் மச்சினி.

“அக்கா போனை இங்கயே வச்சிட்டு போயிட்டாங்கண்ணா. கொழந்த வருதுன்னு ஆரத்தி கரைச்சி வச்சினு குந்தினு கீறோம். இன்னா விசயம்?”

“ஒண்ணுமில்லம்மா. வந்தா எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லு.”

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அரைமணி நேரம் ஆகிறது அவர்கள் போய் என்றார் வார்டு நர்ஸ். பைக்கை எடுத்தேன். கோவளத்துக்கு இரண்டு வழி. திருப்போரூர் வழியாகப் போனால் கிட்டே. திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று கடலோரமாகச் சுற்றிக்கொண்டும் போகலாம். நீ எதில் போயிருப்பாய்? பாதை பிரியும் இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிஷம் வேறு கிடையாது. திருப்போரூர் ரோட்டில் அப்போது பாதிக்குப் பாதி தோண்டிப் போட்டிருந்தார்கள். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கமாட்டாய் என்று தோன்றியது. கடலோர வழியில் திரும்பினேன். தப்பாக இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ரோட்டோரப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கேனும் நாலு பேர் கூடி நின்றால் வேகத்தைக் குறைத்தேன். ஒரு இடத்தில் கூட்டம் நின்றது. பக்கத்தில் போனால் மீன் வண்டிக்காரர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் ஏறினேன். எதிர்க்காற்று கண்ணில் அடித்து நீர் கொட்டியது. காற்றினால் மட்டும்தானா என்று சொல்லத் தெரியவில்லை.

சவுக்குத் தோப்பு ஓரமாக உன் வெள்ளை வண்டி நின்றுகொண்டிருந்தது. நான்கு கதவும் மூடியிருந்தன. உள்ளே யாரும் இல்லை. பைக்கை ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டு ஓடினேன், அது சாய்ந்து விழுந்தது. முன்சக்கரம் நேராகத்தான் இருந்தது. அப்போது பின்னாலிருந்து உன் குரல் கேட்டது.

“டேய், இங்க இன்னாடா பண்ற?”

இளநீர்க் கடைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாய். உள்ளே ஜெனி, திரும்பி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். “பேரனப் பாக்க அண்ணனுக்கு அவ்ளோ அவசரமா?” என்றாள்.

“ஆமாம்மா,” என்றேன். பொய் எவ்வளவு எளிதாக வந்தது.

உன்னை வண்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். பதினெட்டு, பதினேழு என்று அளவோடு சொன்னேன். நீ திட்டவில்லை. ஜாக்கியை எடுத்துப் போட்டுச் சக்கரத்தைத் தூக்கினாய். மேலும் கீழும் பிடித்து ஆட்டினாய். முந்தின நாள் ஆடாதது இப்போது ஆடியது. இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் எனக்கும் கேட்டது, உனக்கும் கேட்டது. சக்கரத்தில் வைத்த கையை நீ எடுக்கவே இல்லை.

“நீ இத்த சொல்லாம, வூட்டாண்ட வந்து எதுனா சாக்கு சொல்லி மாத்திட்டு போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டாய்.

“தெரிஞ்சிருக்காது.”

“அப்டி எத்தினி தபா பண்ணிக்கீற?”

“இல்ல மச்சான். ஒரு தபாகூட இல்ல.”

“அத்த நான் எப்டி நம்பறது?”

நீ பதிலுக்கு நிற்கவில்லை. பெண்களிடம் போய் ஏசி வேலை செய்யவில்லை, குழந்தைக்கு வியர்க்கும் என்று சொல்லி, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டாய். முதல் பேரன் கூட்டமான பஸ்ஸில் வீட்டுக்குப் போனான். வண்டியை இழுத்துப் போக ஆள் வரும்வரை நாம் இருவரும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம்.

நாலு மாதம் நீ வரவில்லை. உன் தெரு மெக்கானிக்கிடம் காட்டுகிறாய் என்று கேள்விப்பட்டேன். போன் செய்யலாம் என்று எடுப்பேன், வைத்துவிடுவேன். ஒருநாள் பிரேக் பேட் மாற்ற வந்து நின்றாய். சாவியைத் தரவில்லை. “பழசையும் புதுசையும் என் எதுர அளந்து காட்டு,” என்றாய். அளந்தேன். வெர்னியரை வாங்கி நீயும் பார்த்தாய், எப்படிப் படிப்பது என்று கேட்டாய். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். எனக்கு முதலில் முள்மாதிரி குத்தியது. பிறகு, நீ பக்கத்தில் நின்று அளவைச் சத்தமாகப் படித்தால்தான் எனக்கு நெஞ்சு அடங்கும் என்று ஆகிவிட்டது. நீ பழையபடி என்னை நம்பினாயா என்று கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் நீ வந்துகொண்டிருந்தாய்.

இதையெல்லாம் இன்று ஜெனியிடம் சொன்னேன். முடித்ததும், “அன்னிக்கு பஸ்ல ஏசி இல்லாமதானே போனோம். கொழந்தைக்கு வேர்க்கும்னு சொல்லி பஸ்ல ஏத்துறாரேன்னு எனக்கு அப்பவே சந்தேகம்,” என்றாள். பிறகு கேட்டாள்: “அப்பா இத்த ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“தெரியலம்மா. சொல்லியிருந்தா நீ இன்னிக்கு இங்க வந்திருக்க மாட்ட.”

அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். “சரியானது வரட்டும் மாமா. நாலு நாளு பஸ்ல போறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி எடுக்க வரும்போது எந்த முகத்தோடு வருவாள் என்று தெரியாது. அந்தப் பயம் இருக்கிறது.

அவளிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. போன வருடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மச்சினி போன் செய்து, “அண்ணா, மாமா போயிட்டாரு,” என்று அழுதாள். நான் எப்படி, எப்போது என்று கேட்கவில்லை. “வண்டியிலயா?” என்று கேட்டேன்.

“இல்லண்ணா, வூட்லதான். சாப்ட்டு படுத்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மார்பிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. என் கையால் இல்லை என்ற நிம்மதி அது. நீ இல்லை என்று கேட்ட அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது அதுதான், மச்சான். இன்றும் எந்த வண்டியைத் தூக்கி நிறுத்தினாலும் அந்த மூச்சு ஞாபகம் வருகிறது. உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும்.

அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.