நம்பாமலே போன அப்பாவுக்கு

மகள் என்றல்லாமல் வேறு எந்தச் சொல்லாலும் என்னைக் கூப்பிட்டிராத என் அப்பாவுக்கு,

இப்படி ஒரு கடிதத்தைக் கண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "செத்தவனுக்கு எழுதுறத விட்டுட்டு இரிக்கிறவனுக்கு எழுது மகள்" என்பீர்கள். அம்மா இறந்த அன்று, அம்மா எங்கே போனா என்று கேட்ட என்னைப் பக்கத்தில் இருத்தி, "எங்கயும் போகல்ல மகள். அவட உயிர் முடிஞ்சிது. நாம ரெண்டு பேரும் இரிக்கம்" என்று சொன்னவர் நீங்கள். ஊரெல்லாம் அம்மா சாமியிடம் போய்விட்டதாகச் சொன்னது. சொன்னவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் இருந்தீர்கள். அதனால் நான் உங்கள் சொல்லைத்தான் நம்பினேன்.

முதலில் ஊர்ப் புதினம், ஊர்ச் சேதி. செங்கலடிச் சந்தியில் உங்கள் தையல் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். கதிரவெளி வரைக்கும் பாதை காப்பெற் விரித்ததுபோல் வழுவழுவென்று கிடக்கிறது. உங்கள் மருமகன் சிவநேசன் சுகம். முழங்கால் நோவால் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு கிழிந்த வலை பொத்துகிறார். வெள்ளிக்கிழமை அவர் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயத்துக்குப் போகிறேன். இரண்டுக்கும் போகாத உங்கள் படம் நடுச்சுவரில் இருக்கிறது. மாலை போடவில்லை. உங்களுக்குப் பிடிக்காது.

நான் எப்படி நம்பத் தொடங்கினேன் என்பதை நீங்கள் இருக்கும்போது முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. பாதியில் நீங்கள் மறித்தீர்கள், மீதியில் எனக்கு அழுகை வந்தது. இப்போது நீங்கள் மறிக்க முடியாது. கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசையன்று எல்லாப் பிள்ளைகளும் திருநீறு பூசி நிற்க, நான் வெறும் நெற்றியோடு ஓரத்தில் நிற்பேன். ரீச்சர் கேட்டால், "எங்கட வீட்ட சாமி இல்ல ரீச்சர்" என்பேன். எனக்கு அதில் வெட்கமே இருந்ததில்லை, பெருமைதான். மருத்துவ மாதுவாகப் படித்து முடித்துக் கதிரவெளிப் பக்கம் வேலைக்குப் போனபோதும் அப்படியே இருந்தேன். பிள்ளை பிறந்ததும் தாய்மார் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "கும்பிட வேணாம், வெந்நீரக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். சிவநேசனைக் கட்டினேன். தரணி பிறந்தாள். அவளுக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் நீங்கள் சட்டை தைத்து அனுப்பினீர்கள். பெருநாளை நம்பாவிட்டாலும் புதுச் சட்டையை நம்பினீர்கள்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் காலை. கடற்கரையிலிருந்து உள்ளே, குளத்துப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. றெஜினா என்ற பெண்ணுக்குத் தலைப்பிள்ளை, வலி தொடங்கிவிட்டது. தரணியைச் சிவநேசனின் தாயான மாமியிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் போனேன். சிவநேசன் கடலில். றெஜினாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடியை வெட்டிப் பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. கடல் வருகுது, கடல் வருகுது என்று கத்தினார்கள். எனக்கு அது விளங்கவில்லை. கடல் எப்படி வரும்?

ஆழக்கடலில் நின்ற சிவநேசனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையில் இருந்த மாமியும் தரணியும் இல்லை.

நீங்கள் செங்கலடியிலிருந்து பாதி வழி உழவு இயந்திரத்திலும் மீதி வழி நடந்தும் வந்தீர்கள். பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார்கள். முகங்களை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. நீங்கள்தான் குனிந்து ஒரு சட்டையின் ஓரத்தை மடித்துப் பார்த்து, "இது என்ட தையல்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அழுததை நான் பார்த்தேன். ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அம்மா இறந்தபோது சொன்னதை என்னிடம் அன்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேனா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கடலுக்குத் தப்பிய எங்களை வைத்திருந்த முகாமுக்கு ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? கையில் வேதப் புத்தகம், பின்னால் அரிசி மூட்டையோடு ஒரு வான் வண்டி. சிலைகளைக் கும்பிட்டதற்குத் தண்டனையாகத்தான் கடல் வந்தது என்றார். நீங்கள் எழும்பிப் போய், "என்ட பேத்தி ஒரு சிலையையும் கும்பிடல்ல தம்பி. அவளுக்கு எதுக்குத் தண்டனை?" என்று கேட்டீர்கள். அந்த மனிதர் வேதத்தில் பக்கம் தேடினார். நீங்கள் அவரை வெளியே அனுப்பிவிட்டு அரிசியைப் பகிர்ந்து கொடுத்தீர்கள். அன்று நான் முழுமனதாக உங்கள் பக்கம். அந்த ஆள் சொன்ன கடவுளை நான் இன்றைக்கும் நம்பவில்லை அப்பா. அதை நீங்கள் கடைசிவரை சரியாக விளங்கிக்கொண்டீர்களோ என்னவோ.

றெஜினாவும் அந்த முகாமில்தான் இருந்தாள். என்னைக் கண்டால் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு விலகிப் போவாள். தன் பிள்ளை பிறந்த வேளையில் என் பிள்ளை போனதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பின்னேரம் தகரக் கொட்டிலில் அவர்கள் ஜெபம் செய்யும் இடத்தைக் கடந்து போனேன். அவள் குரல் கேட்டது. கெஞ்சும் குரல் இல்லை, சண்டைக் குரல்.

"என்ட வீட்ட வந்து என்ட புள்ளையப் பிறக்க வெச்ச மனுசிட புள்ளைய ஏன் விட்டுட்டீர்? நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? எனக்கு விளக்கம் சொல்லும்."

அவள் வெளியே வந்ததும் கேட்டேன். "உங்கட கடவுளோட இப்பிடியா கதைக்கிற?"

"வேற யாரோட கதைக்க அக்கா? கோவம் அவர்லதானே."

"பதில் வந்திச்சா?"

"இல்லக்கா. ஆனா அவர் எழும்பிப் போகவும் இல்ல."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கூடாரத்தில் வந்து படுத்தபோது பொறாமையாக இருந்தது. என் பிள்ளைக்காகக் கோபப்பட அவளுக்கு ஓர் ஆள் இருந்தது. எனக்கு? கடலைத் திட்டலாம். பூமிக்கடியில் தட்டுகள் அசைந்ததாகச் சொன்னார்களே, அவற்றைத் திட்டலாம். தட்டைத் திட்டி என்ன?

பிறகு, இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் இடையில் ஓய்ந்திருந்த சண்டை திரும்ப வந்தது. வாகரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் எல்லோரும் காட்டு வழியாக வெளியேறினோம். றெஜினாவுக்குக் காய்ச்சல். அவளுடைய புருசன் காயம்பட்ட தன் தாயைத் தூக்கிக்கொண்டான். அவர்களின் பிள்ளை ஷாலினி என் தோளில். ஓரிடத்தில் கடல்நீர் ஏறி நிற்கும் களப்பில் இறங்கிக் கடக்க வேண்டியிருந்தது. தரணி போன நாளிலிருந்து நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. சிவநேசன் முன்னால் தடியை ஊன்றிப் பார்த்துப் பார்த்துப் போனார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. பிள்ளை என் தலைமயிரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இந்தப் புள்ளையையும் எடுக்கப் போறீரா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

சிவநேசன் திரும்பினார். "யாரோட கதைக்கிறாய்?"

"நீங்க நடவுங்க" என்றேன்.

கரையேறினோம். இதுதான் அற்புதம் என்று நான் சொல்லவில்லை அப்பா. அதே களப்பில் எங்களுக்குப் பின்னால் தேவாரம் சொல்லிக்கொண்டும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டும் இறங்கியவர்களில் சிலர் வந்து சேரவில்லை. தப்பியதால் நம்பினேன் என்றால் அவர்களுக்கு நான் என்ன சொல்வேன்? எனக்கு நடந்தது சின்ன விசயம்தான். நான் ஓர் ஆளோடு பேசிவிட்டேன். பேசிய பிறகு, அங்கே ஆள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரையேறிப் போய்ச் சேர்ந்த முகாமில் இருந்த மாதங்களில் மறுபடியும் மறுபடியும் பேசிப் பார்த்தேன். அநேகமாகத் திட்டுத்தான். பிறகு றெஜினாவோடு ஆராதனைக்குப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருக்கத் தொடங்கினேன். அங்கே வாசித்த வேதத்துச் சங்கீதப் பாட்டுகளில் பாதிக்குமேல் என்னைப்போலவே கடவுளிடம் முறையிடுகிறவர்கள் இருந்தார்கள். எத்தனை காலம் முகத்தை மறைப்பீர் என்று கேட்கிறார்கள். சிலுவையில் தொங்கியவரும் கடைசியில் ஏன் என்றுதான் கேட்டார். அந்த இடத்தில்தான் என் மனம் போய் நின்றது.

சண்டை முழுதாக முடிந்தது என்று அறிவித்த நாள், அரசாங்கம் வென்றதென்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். நீங்கள் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே இருந்தீர்கள். தையல் இயந்திரத்தில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று பாதியில் கிடந்தது. "இந்த வெடியக் கேட்டுக்கொண்டு எத்தின தாய் இருக்காளோ" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சிது. இனி என்ன செய்யப்போறாய் மகள்?" என்று கேட்டீர்கள். வீட்டைத் திருத்துவது, வேலைக்குத் திரும்புவது பற்றித்தான் கேட்டீர்கள். நான் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னேன். றெஜினா, களப்பு என்று ஏதோ உளறினேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணுமெண்டா என்னத் திட்டியிருக்கலாமே மகள்" என்றீர்கள்.

"உங்களில பிழ இல்லையே அப்பா."

"அவரில பிழ இரிக்கெண்டுதானே திட்டினாய்? பிழயுள்ள ஆளை ஏன் கும்பிடுறாய்?"

அதற்கு என்னிடம் இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. அதற்குப் பிறகு பல வாரம் நீங்கள் என்னோடு சாப்பாடு, மருந்து, மழை தவிர வேறு எதுவும் பேசவில்லை.

ஆனாலும் ஞானஸ்நானத்தன்று வந்தீர்கள். உள்ளே வரவில்லை. வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்ததும் நேராகப் போதகரிடம் போனீர்கள். முகாமுக்கு வந்த அந்த மனிதரைப்போல இவரையும் துரத்தப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"நான் இவட தகப்பன். ஒரு கேள்வி. என்ட பேத்தி ஏன் செத்தவ?"

போதகர் இளவயதுக்காரர். கையிலிருந்த புத்தகத்தைத் திறக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியா ஐயா."

நீங்கள் தலையாட்டினீர்கள். என்னிடம் வந்து, "பரவாயில்ல. இவன் தெரியாதத தெரியாதெண்டு சொல்றான். நீ இஞ்ச இரி" என்றீர்கள். சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர்கள். என் தலையில் அப்போதும் ஈரம் காயவில்லை. அப்பா, அன்றைக்குக் கிடைத்த ஆசீர்வாதங்களில் எனக்குப் பெரியது அதுதான்.

உங்கள் கடைசி மழைக்காலத்தில், ஆஸ்பத்திரி வாட்டில் நீங்கள் மூச்சுக்குத் தவித்தபோது எங்கள் சபைப் பெண்கள் ஜெபம் செய்ய வந்தார்கள். "எனக்குப் பக்கத்தில இரிந்து கதைங்க பிள்ளையள். எனக்காக மேல பார்த்துக் கதைக்க வேணாம்" என்றீர்கள். அவர்கள் இருந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். பிறகு என்னிடம், "நீ எனக்கு ஜெபம் பண்ணுறியா?" என்று கேட்டீர்கள். ஓம், பண்ணுறன் அப்பா என்றேன். "எனக்குக் கேக்காமப் பண்ணு" என்று சிரித்தீர்கள். இருமல் வந்து சிரிப்பை மூடிவிட்டது.

நீங்கள் சொன்னபடியே அடக்கம் செய்தோம். பெரியப்பா தேவாரம் படிக்க வேண்டும் என்றார், எங்கள் சபை ஆட்களில் சிலர் பாட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். இரு பக்கத்துக்கும் வேண்டாம் என்று சொன்னேன். உங்கள் தோழர்கள் இரண்டு பேர் பேசினார்கள், நாங்கள் மண் போட்டோம். கையை மடித்துக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றேன். என் வாழ்க்கையில் கடினமான ஆராதனை அதுதான்.

இப்போது எங்கே இருக்கிறீர்கள் அப்பா? என்னைச் சுற்றியிருக்கும் சிலர் அதற்கு உடனே பதில் வைத்திருக்கிறார்கள். நான் அவர்களோடு இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன், அந்தப் பதிலை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை.

ஷாலினி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். ஆராதனைக்கு வருவதைக் குறைத்துவிட்டாள், நிறையக் கேள்வி கேட்கிறாள். றெஜினா கவலைப்படுகிறாள். நான் கவலைப்படவில்லை. உங்களுக்கு அவளைப் பிடித்திருக்கும்.

வருகிற ஞாயிறு என்னைச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். எப்படி விசுவாசத்துக்கு வந்தேன் என்று சபை முன்னால் எழும்பி நின்று சொல்ல வேண்டும். நேற்று ஓர் அக்கா நல்ல மனதோடுதான் சொன்னார். "கடைசியில அப்பாவும் ஏற்றுக்கொண்டார் எண்டு சொல்லுங்களன். கேக்கிறவங்களுக்கு ஆறுதலா இரிக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

நான் அப்படிச் சொல்ல மாட்டேன் அப்பா. உங்களை இருட்டாகவும் என்னை வெளிச்சமாகவும் காட்ட மாட்டேன். என் தகப்பன் நல்ல மனிதர், கடைசி மூச்சுவரை நம்பாதவர், அவருக்கு மகளாக இருந்ததால்தான் பொய்யாக நம்ப எனக்குத் தெரியவில்லை என்று சொல்வேன். யார் முகம் சுளித்தாலும் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் பிள்ளையாகவே இருக்கும்,
மகள் மேகலா
கதிரவெளி