பச்சை இல்லாத செடி

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அருங்காட்சியகத்தின் தாவரப் புத்தகத்துக்கு நான் படம் வரைவது உனக்குத் தெரியுமே. இப்போது கையில் இருப்பது இலையும் பச்சையும் இல்லாத ஒரு செடிக் குடும்பம். உடம்பெல்லாம் வெள்ளை, தலைகுனிந்த பூ. வெயிலை வைத்துத் தானாகச் சமைத்துக்கொள்ளத் தெரியாது. மண்ணுக்குள் காளான் இழையைப் பிடித்துக்கொண்டு, அது மரத்தின் வேரிலிருந்து வாங்கி வருவதைச் சாப்பிட்டே வாழ்கிறது. திருப்பி ஏதும் கொடுப்பதாகத் தெரியவில்லை. பறித்தால் கறுத்துவிடும் என்பதால் காட்டிலேயே குப்புறப் படுத்து வரைகிறேன். போகிறவர்கள் நான் மயங்கி விழுந்துவிட்டதாகப் பதறுகிறார்கள். குடை பிடிக்கும் அத்தைக்கு, "ஒண்ணுமில்ல, அவரு வேலை பாக்குறாரு" என்று சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறதாம்.

போன வாரம் அத்தை எனக்குத் தெரியாமல் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வந்து, நம் பிள்ளையும் நீயும் குடியிருந்த அறை ஜன்னலில் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். நல்ல வெயில் படும் இடம் அதுதானாம். செடி கறுத்துப்போயிற்று. அவன் இறந்த அன்றுகூட அழாதவள், அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். நானும் அழுதேன்.

உன் அக்கா பேசினாள். உன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறாராம். உனக்கும் அவரைப் பிடித்திருக்கிறதாம். ஞாயிறு சாயங்காலம் அவருடைய அம்மாவைப் பார்க்க வரச் சொன்னதற்கு, "அன்னைக்கு அத்தைக்கு போன் பண்ணணும், அவங்களுக்கு என்னை விட்டா யாரு இருக்கா" என்று மறுத்துவிட்டாயாமே.

உண்மைதான் அம்மா. உன் குரலைக் கேட்டால்தான் எங்களுக்கு அந்த வாரம் ஓடுகிறது. அவன் போன பிறகு உன்னைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நீ எதிலிருந்து எடுத்து எங்களுக்குத் தருகிறாய் என்று இதுவரை கேட்கவே இல்லை.

இந்த ஞாயிறு நல்லதாக உடுத்திக்கொண்டு போய் வா. எங்களுக்குப் போன் பண்ணாதே, பண்ணினாலும் எடுக்க மாட்டோம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த நேரத்துக்குக் குடையோடு காட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன். வீடு திரும்பியதும் மனசு கேட்காமல் அவளே உன்னைக் கூப்பிட்டால், எடுக்காதே, கண்ணு.

நன்றாக இரு.

உன் மாமா