எட்டு நிமிடத்துக்கு ஒரு மிஸ்டு கால்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "பரவாயில்ல" என்று மட்டும் எழுதித் தப்பிக்காதீர்கள். அம்மா தன் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். எடைகூடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

ஒரு சின்ன சமாசாரம். நம் வீட்டில் யாரும் தொட்டுக்கூடப் பார்க்காத வைரத்தை உங்கள் மகள் போன சனிக்கிழமை உடைத்துவிட்டாள்! பயப்படாதீர்கள், மிளகைவிடச் சின்னது. யாரும் திட்டவில்லை.

அழுகிய முட்டை மாதிரி நாறுமே ஒரு வாயு, அதை எங்கள் ஆய்வகத்தில் இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நசுக்குகிறோம். நசுக்க நசுக்க உலோகமாகிவிடும். பிறகு நன்றாகக் குளிரவைத்தால் மின்சாரம் கொஞ்சமும் தடையில்லாமல் ஓடும். வைரங்களை அழுத்தும் திருகாணியை இம்மி முடுக்கிவிட்டு, ஸ்பேனரில் வைத்த கையை எடுக்காமல் அசையாது உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அறை விளக்கோ, பத்து நிமிடம் அசைவில்லை என்றால் ஆளே இல்லை என்று தானாக அணைந்துவிடும். அணைந்தது. திடுக்கிட்டேன்; கையோடு ஸ்பேனரும் திரும்பிவிட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பக்கத்துல யாராவது இருந்தா விளக்கு அணையாதும்மா" என்று பேராசிரியர் சிரித்தார். விடுமுறை நாளில் யார் வருவார்கள்?

அதனால் ஓர் உதவி. வரும் சனிக்கிழமை, உங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டு நிமிடத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேச வேண்டாம். மணி அடித்ததும் இடது கையை ஆட்டிக்கொள்வேன், விளக்கு அணையாது. அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட மாட்டாளா என்று அம்மா கேட்பாள்.

நீங்கள்தான் என்று தெரியுமே அப்பா.

நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்